ராஜ அட்டையின் முள்

கும்மிடிப்பூண்டி ஆலைப் புகை ஜன்னல் வெயிலைச் சாம்பலாக்குகிறது. வனத்துறை மேஜையில், பிடிக்கவே தடையுள்ள, வேனில் கடத்தும்போது சிக்கிய காய்ந்த கடல் அட்டைகள் கருகிய கத்தரிக்காய்களாகக் கிடக்கின்றன. வெள்ளை அட்டையா, ராஜ அட்டையா என்று தீர்ப்புச் சொல்ல வந்திருக்கும் நிபுணர் ஜனார்தனன், தோலில் ஒரு சீவலை பிளீச்சில் போடுகிறார். தோல் நுரைத்துக் கரைகிறது. மிஞ்சிய சுண்ணாம்புத் துகளில் முள் இருந்தால் ராஜ அட்டை. மூலவருக்குத் தீபம் காட்டும் பவ்யத்தோடு அதை மைக்ராஸ்கோப்பில் வைக்கிறார். கைவிலங்கோடு நிற்கும் வேன் டிரைவர் தணிகைவேலின் மனைவி குணசுந்தரி கேட்கிறாள்: "ரெண்டுல எதுவா இருந்தா சார் இவர வுடுவாங்க?" "எதுவா இருந்தாலும் ஜெயில்தாம்மா. சட்டத்துக்கு எல்லா அட்டையும் ஒண்ணு." "அப்ப இன்னாத்துக்கு சார் இம்மாம் நேரமா பார்த்துகினு கீறீங்க?" "எந்த அட்டைக்காக உள்ள போறார்னு தெரிய வேணாமா?" முள் தெரிந்துவிடுகிறது. "ராஜ அட்டை!" நிபுணரின் முகத்தில் பேரன் பிறந்த களை. "வாய்யா, நீயும் பாரு, என்ன அழகு!" தணிகைவேல் குனிகிறான். அவனுக்கு ஒற்றைக் கண்ணை மூட வரவில்லை. குணசுந்தரி தன் உள்ளங்கையால் அவனுடைய இடது கண்ணைப் பொத்துகிறாள். "முள்ளு தெரியுதா?" "தெரியுது சார்." வெளியே, அவனைக் கொண்டுபோக வந்த ஜீப் ஹாரன் அடிக்கிறது. அவள் கையை எடுக்கவில்லை.