ஃபேன் மாட்டாத சுவர்

பதினோராவது முறையாகக் கிஷோர் சாவியைத் திருப்பினான். எஞ்சின் சுற்றியதே தவிர, பிடிக்கவில்லை.

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டு வாசல். அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் சர்ச்சிலிருந்து நேராக இங்கே வந்திருந்தார்கள். எல்லோரும் என்றால், அப்பாவிடம், அவர்களுக்கு ஆம்ப்ரோஸ் மாஸ்டர், வண்டி கட்டக் கற்றுக்கொண்ட முப்பத்து நாலு பேர்.

முப்பத்து நாலு பேரும் ஆண்கள்.

நடுவில் அப்பாவின் சிவப்பு வண்டி. பழைய ஃபியட்டின் கூரையை நாலு அங்குலம் அறுத்துத் தாழ்த்தி, பானெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, கான்டெஸா எஞ்சினை வெளியே தெரியும்படி உட்காரவைத்து அவர் கட்டியது. அது ரோட்டில் போனால், பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்வார்கள்.

கேட்டுக்கு வெளியே டோயிங் லாரி காத்திருந்தது. அந்த முப்பத்து நாலு பேரில் ஒருவனான கிஷோர் வரவழைத்தது.

"ஓடாத வண்டி வாசல்ல நிக்கக் கூடாதுன்னு மாஸ்டரே சொல்வார் ஆன்ட்டி," என்றான் அம்மாவிடம். "இன்னும் ஒரு தடவை பாக்குறேன். கெளம்பலைன்னா என் ஷோரூமுக்கு எடுத்துட்டுப் போயிடறேன். கண்ணாடி ரூம்ல வெச்சு, பக்கத்துலயே மாஸ்டர் போட்டோவும் மாட்டிடலாம்."

அம்மா தலையாட்டினாள். கண்ணாடிக்குள் வைக்கவா அவர் இதைக் கட்டினார்?

"ஆயித்து, முடிஞ்சுது கிஷோர், விடு. எஞ்சினை எறக்கித்தான் பாக்கணும்," என்றான் இன்னொரு சிஷ்யன் ரகு. பிறகு என் பக்கம் திரும்பினான். "பாப்பா, எல்லாருக்கும் காப்பி கொண்டா."

எனக்கு முப்பது வயது.

காப்பித் தட்டு இல்லாமல் இவர்கள் என்னைப் பார்த்ததே இல்லை. அது இவர்கள் குற்றம் மட்டும் இல்லை. பதினாறு வயதில் நான் அப்பாவிடம் போய், எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டேன். கையில் இருந்த ஸ்பேனரைக்கூட அவர் கீழே வைக்கவில்லை.

பசங்க இருக்கிற இடம், உள்ளே போ என்றார்.

போனேன். உள்ளே என்றால் சமையலறை. அதற்கும் அப்பா வண்டி கட்டும் பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்த வருஷம்தான் அப்பா அந்தச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கென்று சதுரமாக ஒரு ஓட்டை போட்டார். ஃபேன் மட்டும் வரவில்லை. பெயிண்ட் தின்னர் நாற்றம் எங்கள் குழம்பில் இறங்கியது. பட்டறைப் புகையை எவனாவது சமையலறைக்குள் விடுவானா என்று அம்மா ஒரு வருஷம் சண்டை போட்டாள். பிறகு எதனாலோ ஓய்ந்துவிட்டாள்.

புகையோடு அவர் குரலும் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் நாலு வார்த்தை பேசாத மனிதர், பட்டறையில் தொண்டை கிழியக் கத்துவார். எந்த வயர் எங்கே போகிறது, எந்த நட்டுக்கு எத்தனை முறுக்கு, ஏன், எதற்கு. வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பேன்.

காலையில் ரகு அதை நடித்துக்கூடக் காட்டினான். மாஸ்டர் தங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக் கத்துவாராம். பக்கத்தில் நிற்பவனுக்குக் காது அடைத்துப்போகுமாம். எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

கிஷோர் பன்னிரண்டாவது முறையாகச் சாவியில் கை வைத்தான்.

"எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுங்க," என்றேன். "சாவியை ஆன்ல மட்டும் வைங்கண்ணா. ஸ்டார்ட் பண்ணாதீங்க."

வாசல் அமைதியானது. காதைத் தீட்டிக்கொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கோளாறு. சாவியைப் போட்டதும் பெட்ரோல் பம்ப் டிக் டிக் என்று அடிக்க வேண்டும். இந்த வண்டியை நான் ஒருநாளும் தொட்டதில்லை. ஆனால் அதன் ஒவ்வொரு சத்தமும் எனக்குத் தெரியும்.

டிக்கியைத் திறந்தேன். பம்பின் எர்த் வயர் வலது மூலையில் இருக்கும், மழைக்காலத்தில் அங்கே துரு பிடிக்கும் என்று அப்பா மூன்று நாள் தொடர்ந்து கத்தியிருக்கிறார். பிடித்திருந்தது. ரகுவின் கையிலிருந்த பத்து நம்பர் ஸ்பேனரைப் பிடுங்கி, வயரைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப முடுக்கினேன்.

டிக், டிக், டிக்.

கிஷோர் சாவியைத் திருப்பப் போனான்.

"எறங்குங்கண்ணா," என்றேன்.

இறங்கினான். நான் உட்கார்ந்து திருப்பினேன். ஒரே திருப்பு. தெருநாய்கள் சிதறி ஓடின. வெளியே டோயிங் லாரிக்காரன் யாரையும் கேட்காமல் ரிவர்ஸ் எடுத்தான்.

"மாஸ்டர் ரத்தமில்லையா," என்று ரகு கைதட்டினான்.

ரத்தமாம். பதினாலு வருஷம் வெங்காயத்தோடு நின்று கேட்டது இவனுக்கு ரத்தமாம்.

கை கழுவச் சமையலறைக்குப் போனேன். அம்மா காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். எதிரே அந்த ஓட்டை.

"ஒரு ஃபேன் வாங்கி மாட்டத் துப்பில்லை. அவருக்கு முப்பத்து நாலு சிஷ்யன்," என்றேன்.

அம்மா திரும்பாமலே மேலே பரணைக் காட்டினாள். பழைய பாத்திரங்களுக்குப் பின்னால், பிரிக்காத ஓர் அட்டைப்பெட்டி.

"நான் போட்ட சண்டையில வாங்கிட்டுதான் வந்தாரு. மாட்டினா அந்தச் சத்தத்துல உனக்குக் கேக்காதுன்னு மேல போட்டுட்டாரு."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அப்போதும் எனக்கு ஆறவில்லை. ஓட்டையிலிருந்து இரண்டடி தள்ளித்தான் பட்டறைக்குள் போகும் கதவு. அதன் தாழ்ப்பாள் அவர் பக்கம் இருந்தது.