நாலாவது வண்டி

அவள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதுவும் வரவில்லை.

பின்னால் தகன மேடைக் கொட்டகையில் மூன்று பாடைகள் வரிசையாக இருந்தன. மூன்றாவது அவள் கணவர் பழனிமுத்து. முந்தாநாள் காலையில் போன உயிர். வீட்டில் ஐஸ் பெட்டி வைத்தார்கள். மின்சாரம் கொஞ்ச நேரம் வந்தது, போனது, அவ்வளவுதான்.

வேப்பிலையை மாற்றி மாற்றி வைத்தாள். முகம் இன்னும் அவர் முகமாகத்தான் இருந்தது.

நாளைக்கு இருக்காது.

இருட்டுவதற்குள் எரித்துவிட வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

எரிவாயுக் கப்பல்கள் வருவது குறைந்த பிறகு வந்த சட்டம் இது. ஓர் உடலுக்காக உலையைச் சூடாக்கக் கூடாது. நான்கு சேர வேண்டும். சேர்ந்ததும் சொன்னால் கேஸ் ஆபீசில் குழாயைத் திறந்துவிடுவார்கள். நான்குக்கு உண்டானது மட்டும் வரும். ஐந்தாவதாக வந்தவர் அடுத்த நான்கு சேரும்வரை கிடக்க வேண்டியதுதான். பொழுது சாய்ந்தால் யாருக்கும் இல்லை. விறகோ, அடுப்புக்கே அளந்துதான் கொடுக்கிறார்கள்.

வார்டு கூட்டத்தில் கை தூக்கிச் சம்மதித்த ஊர்தான். பழனிமுத்து தூக்கினார். அவளும் தூக்கினாள். அன்றைக்கு நியாயமாகப் பட்டது. இன்றைக்கும் நியாயம்தான்.

யாரைப் போய்க் குறை சொல்ல?

முதல் பாடை அரிசி மில்காரர் வீட்டுப் பெரியவர். நேற்றே வந்துவிட்டார். அடுத்தது காலனிக்காரர் ஒருவர். முன்பெல்லாம் இந்த மூவருக்கும் மூன்று சுடுகாடு.

மில்காரர் மகன் உலைக்காரர் மாதையனைத் தனியே கூப்பிட்டுப் பேசிப் பார்த்தான்.

“எங்கிட்ட தீப்பெட்டி மட்டுந்தாங்க இருக்குது,” என்றார் மாதையன், எல்லோருக்கும் கேட்கும்படி. “கேஸு அவங்ககிட்டல்ல இருக்குது.”

தள்ளுவண்டியைத் தள்ளி வந்த களைப்பில் கொழுந்தன் செங்கோடன் தூணில் சாய்ந்து கிடந்தான்.

“அண்ணன் ஷேர் ஆட்டோ ஓட்டுறப்பவும் இப்படித்தான் அண்ணி. ஆள் சேராம வண்டிய எடுக்கவே மாட்டாரு. உள்ள உக்காந்திருக்கறவன் கத்துவான். இவரு பாட்டுக்கு வெளிய நின்னு பீடி குடிப்பாரு.”

காலனிக்காரரின் மருமகன் சிரித்துவிட்டான். மில்காரர் மகனும்தான். அவளுக்குக்கூட உதடு அசைந்தது.

பிறகு எல்லோரும் மறுபடி சாலையைப் பார்த்தார்கள்.

ஊரில் படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவர்கள் ஒவ்வொருவராக அவள் நினைவில் வந்தார்கள். மேலத்தெரு ஆசாரி. பால்காரரின் அம்மா. மகராசி, தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்பத் தவறமாட்டாள். தண்ணீர்கூட இறங்கவில்லை என்று நேற்றே பேசிக்கொண்டார்கள்.

அவள் தலையை உதறிக்கொண்டாள்.

நிழல் நீண்டது. மாதையன் சாவிக்கொத்தைத் தேடத் தொடங்கினார்.

அப்போது வளைவில் ஒரு மாட்டு வண்டி திரும்பியது.

வைக்கோலின் மேல் வெள்ளைத் துணி. பின்னால் தலைவிரி கோலமாக ஒரு சின்னப் பெண். கழுத்தில் தாலிக் கயிற்றின் மஞ்சள்கூட வெளுக்கவில்லை.

கொட்டகையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்தது அவளுக்கே தெரியாது. ஓடினாள். மாட்டின் கயிற்றைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

“வாங்க, வாங்க! உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்.”

கொட்டகையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சுடுகாட்டுக்கு வருகிறவர்களை வாங்க என்று சொல்லும் வாய் உண்டா? அதுவும் அப்படி ஒரு முகமலர்ச்சியோடு.

சொன்ன பிறகுதான் உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். உதடுகள் எண்ணின.

“நாங்க நாலாவதுங்களாம்மா?”

“ஆமா கண்ணு.”

அந்தப் பெண்ணிடமிருந்து பெரிதாய் ஒரு மூச்சு வந்தது. மூன்று பாடைகளையும் பார்த்துக் கைகூப்பினாள்.

மாதையன் போன் செய்தார். குழாய் சீறியது.

புகைபோக்கியிலிருந்து முதல் புகை எழுந்தபோது, அவள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள்.

வளைவில் இன்னொரு தள்ளுவண்டி.

தள்ளி வந்தவர்கள் புகையைக் கண்டதும் ஓடத் தொடங்கினார்கள். வண்டி குலுங்கியது. கிடத்தியிருந்த கால்கள் துணிக்குள் ஆடின. ஒரு கிழவர் செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

அவள் கையை உயர்த்தினாள். உள்ளங்கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினாள்.

மெதுவா. மெதுவா.