இரட்டை ஊசல்

அப்பா லாரியில் அடிபட்டு இறந்த பிறகு அம்மா முதன்முறையாக என் பல்கலைக்கழகத்துக்கு வந்தாள். நான் ஆராயும் கேயாஸ் தியரி என்றால் என்னவென்று கேட்டவளை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய், ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கும் இரட்டை ஊசலை ஒரே குறியிலிருந்து இருமுறை விட்டுக் காட்டினேன். இரண்டாம் முறை அது முற்றிலும் வேறு விதமாகச் சுழன்றது.

“ஒரே எடத்துலேர்ந்துதானடி விட்ட?”

“மயிரிழை தள்ளிப் போயிருக்கும்மா. அது போதும், எல்லாமே மாறிடும்,” என்றேன், படித்த திமிரில்.

அம்மா ஊசல் சுழல்வதையே பார்த்தாள்.

“அன்னிக்கு வாசல் தாண்டிப் போனவர, டிபன் டப்பாவ மறந்துட்டீங்கன்னு நான்தான் திருப்பிக் கூப்பிட்டேன்.”

ஊசலைப் பிடித்து நிறுத்தினேன். “அது வேறம்மா.”

அம்மா என் விரல்களைப் பிரித்து அதை வாங்கினாள். குறிவரை மெல்ல உயர்த்தினாள். விடவேயில்லை.