சட்டைப்பையில் அடைத்த யானை

"சட்டை முதுகுக்குப் போட்ட யானைப் படத்தை அப்படியே சுருக்கிச் சட்டைப்பையில அடைச்சவன் எவன்டா?" என்று எம்பிராய்டரி ஊசி கத்தியது. படம்தான் சிறுத்திருந்தது, தையல் ஒன்றுகூடக் குறையவில்லை. குத்திய இடத்திலேயே குத்த வேண்டியிருந்தது.

"கொஞ்சம் தள்ளிக் குத்துங்கண்ணே, வலிக்குது. பள்ளிக்கூடம் போகணும் நான்," என்றது சீருடைச் சட்டை.

"என் இஷ்டமா தம்பி? கம்ப்யூட்டர் சொல்ற இடத்துலதான் இறங்கணும்."

யானையின் காதருகே துணி டர்ரென்று கிழிந்தது. சட்டையைக் கழிவுமூட்டையில் வீசிவிட்டு அடுத்ததை மாட்டினார்கள். அதே யானை.

"வணக்கம்ணே," என்றது புதுச்சட்டை ஆசையாக.

"டேய், கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கிறவனே! இந்தப் பிள்ளையாவது பிழைக்கட்டும், யானையைச் சின்ன அளவுக்கு முதல்லேர்ந்து ஒழுங்காப் போட்டுக் குடுடா!" என்று கத்திக்கொண்டே ஊசி இறங்கியது.