மூன்றாவது தடவை

"ஒரே வரியை எதுக்கும்மா மூணு தடவை எழுதியிருக்கே? மூணாவதை வெட்டிடலாமா?"

ஒத்திகையைப் பாதியில் நிறுத்திவிட்டு இசைக்குழுவின் கண்டக்டர் கேட்டார். நாற்பது வாத்தியக்காரர்களும் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்கள். அவள் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்.

பள்ளி மாணவர்கள் நாலு பேர் எழுதிய இசையை அன்று சாயங்காலம் அந்தக் குழு மேடையில் வாசிக்கப் போகிறது. அதில் ஒன்று அவளுடையது.

"வேண்டாம் சார். மூணும் இருக்கணும்."

"கேக்கறவங்களுக்கு அலுத்துடும்மா. மூணாவது தடவை வேற பாதியிலயே நிக்குது. அதுக்கப்புறம் எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு சும்மா உட்காரணும்னு எழுதியிருக்கே. எதுக்கு?"

"அங்கதான் சார் விஷயமே இருக்கு."

"என்ன விஷயம்?"

அதைச் சொல்ல ஆரம்பித்தால் அழுகை முந்திக்கொள்ளும் என்று அவளுக்குப் பயம். ஊரே கைதட்ட வேண்டாம். வீட்டில் இருக்கும் இரண்டு பேருக்கு அந்த வரி பிடிபட்டால் போதும். பிடிபடாவிட்டால் இத்தனை நாள் எழுதியதெல்லாம் வீண்.

கிளாரினெட் வாசிக்கிற அக்காதான் காப்பாற்றினாள். அந்த வரி அவளுக்கு எழுதியது. "எப்படி வாசிக்கணும், சொல்லு. வாசிச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

"முதல் தடவை சும்மா, வேற ஏதோ வேலை பார்த்துக்கிட்டே வாசிக்கற மாதிரிக்கா. ரெண்டாவது கொஞ்சம் சத்தமா. மூணாவது..." வார்த்தையைத் தேடினாள். "பொறுமை போயிடுச்சு. கோபம் மாதிரி இருக்கணும், ஆனா கோபம் இல்ல."

"நல்லா மாட்டிவிட்டே போ," என்று சிரித்துக்கொண்டே அக்கா வாசித்தாள். சரியாக வரவில்லை. இவள் கடைசி சுரத்தை இன்னும் இழுக்கச் சொன்னாள், ஆரம்பத்தை அழுத்தச் சொன்னாள். நாலைந்து தடவை மாற்றி மாற்றி வாசித்த பிறகு ஒரு தடவை இவளுக்குச் சட்டென்று மயிர்க்கூச்செறிந்தது.

"இதேதான்க்கா."

கண்டக்டர் தோளைக் குலுக்கினார். "சரி. உன் பாட்டு, உன் பாடு."

சாயங்காலம் அரங்கம் நிரம்பிவிட்டது. மூன்றாவது வரிசையில் அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்த அம்மா, வந்து உட்கார்ந்தவளின் கன்னத்தைத் தட்டி, கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். அந்தப் பக்கம் அண்ணன். ராத்திரி முழுக்க ஒர்க் ஷாப்பில் வேலை. நகக்கண்ணில் கிரீஸ்கூடப் போகவில்லை.

"கண்டக்டர்னா டிக்கெட் குடுப்பாரா?" என்றான்.

"உனக்கு முதல்ல குடுத்து வழியிலயே இறக்கி விட்டுடுவாரு. தூங்கிடாதேண்ணா, ப்ளீஸ்."

"சேச்சே. தங்கச்சி மியூசிக்ல யாராவது தூங்குவாங்களா?"

அம்மா அவன் தொடையில் ஒன்று போட்டு, வாயில் விரலை வைத்துக் காட்டினாள். கழுத்தைச் சுற்றியிருந்த ஸ்கார்ஃபை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

முதல் பையனின் இசை முடிவதற்குள் அண்ணனின் மோவாய் நெஞ்சில் இறங்கிவிட்டது. வீட்டில் அவன் பெயரே கும்பகர்ணன். அவள் அம்மாவைத் தாண்டிக் கையை நீட்டி இடித்தாள், கிள்ளினாள். லேசான குறட்டைதான் பதிலாக வந்தது. இரண்டு பேரில் ஒருத்தன் போயாச்சு என்று அவளுக்கு மனசே விட்டுப்போனது.

அவளுடையது ஆரம்பித்தது.

வீட்டுக் கம்ப்யூட்டரில் அது எப்போதும் கொசு ரீங்காரம் மாதிரிதான் கேட்கும். இப்போதோ தரையில் ஊன்றி வாசிக்கும் பெரிய வயலின்களின் ஓசை தரை வழியாக வந்து பாதத்தைத் தொட்டது. அவள் தலைக்குள் மட்டும் இருந்த ஒன்றை நாற்பது பேர் மூச்சைக் கொடுத்து, கையைக் கொடுத்து வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். இதையா நான் எழுதினேன் என்று மலைத்துப் போனாள். தன் இசையே தன்னைவிடப் பெரிதாக எழுந்து நின்றது. மூச்சுவிடக்கூட பயமாக இருந்தது.

கிளாரினெட் அந்த வரியைத் தொட்டது. சும்மா, வேலைக்கு நடுவில்.

அம்மாவின் தலை சட்டென்று நிமிர்ந்தது.

இரண்டாவது தடவை, கொஞ்சம் சத்தமாக. அம்மாவின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டன.

மூன்றாவது தடவை அக்கா எழுந்து நின்றே வாசித்தாள். கோபம் மாதிரி. ஆனால் கோபம் இல்லை. வரி பாதியில் நின்றது. நாற்பது பேரும் வாத்தியத்தை இறக்கினார்கள். அரங்கத்தில் பொட்டுச் சத்தம் இல்லை.

"எந்திரிச்சிட்டேம்மா! இதோ, எந்திரிச்சிட்டேன்!"

கண்ணைத் திறக்காமலே அண்ணன் துள்ளி எழுந்து நின்றான். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் விழித்து, விளக்குகளைப் பார்த்து, மேடையைப் பார்த்து, கடைசியில் அம்மாவைப் பார்த்தான். உட்காரத் தோன்றாமல் அப்படியே நின்றான்.

தொண்டை ஆபரேஷனில் குரலையே இழந்துவிட்ட அம்மா, இரண்டு வருஷம் கழித்து அன்றைக்குத்தான், அந்தக் கிளாரினெட்டின் குரலில், பழையபடி மூன்று தடவை அவனைக் கூப்பிட்டு எழுப்பியிருந்தாள்.