ஆட்சேபணை இல்லை

தாளை அவர் இரண்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

அவள் கதவுக்கு வெளியே நின்றாள். அவர் உள்ளே வரச் சொல்லவில்லை. சொல்லாதது அவளுக்கும் வசதியாகத்தான் இருந்தது.

அந்தக் குடியிருப்பில் யார் வீட்டு அழைப்புமணியை வேண்டுமானாலும் அடித்திருப்பாள், இந்த ஒன்றைத் தவிர. சங்கச் செயலாளர் வேறு வழி விடவில்லை. குளியலறைத் தரையை உடைக்கச் சங்கத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்க, நேர் கீழ்வீட்டுக்காரர் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நேர் கீழ்வீட்டுக்காரர் தாமோதரன். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழு வருடங்களுக்கு முன்னால், குளிக்கும்போது மேலிருந்து தலையில் சொட்டுகிறது என்று ஈரத் துண்டோடு படியேறி வந்தார். அவள் கணவர் மாசிலாமணி கதவைப் பாதி திறந்து, "அப்ப குடை பிடிச்சுக்கிட்டுக் குளிங்க" என்றார்.

கசிவை அடுத்த மாதமே அடைத்துவிட்டார்கள். பேச்சு அறுந்தது அறுந்ததுதான்.

லிஃப்டில் ஒருவர் இருந்தால் மற்றவர் படியில் இறங்குவார்.

"எதுக்கு உடைக்கிறீங்க?"

"பாத்ரூம் வாசப்படி அரையடி ஒசரம் சார். சக்கர நாற்காலி உள்ள போகல."

"யாருக்கு நாற்காலி?"

"அவருக்குத்தான். பக்கவாதம் வந்து மூணு மாசமாச்சு. ஹால்லயே உக்கார வெச்சு ஈரத்துணியால துடைச்சு விடுறேன்."

கடைசி வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. வந்துவிட்டது.

தாமோதரன் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆம்புலன்ஸ் வந்துச்சுன்னு வாட்ச்மேன் சொன்னான். யாருக்குன்னு நான் கேக்கல."

தாளைச் சுவரில் வைத்து எழுதினார். கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். தேதிக்குப் பக்கத்தில் நேரத்தையும் போட்டார். 10.20.

அவள் கையை நீட்டினாள். அவர் தாளின் மறுமுனையை விடவில்லை.

"ஒண்ணு கேக்கலாமாம்மா?"

பழைய கசிவைத்தான் எடுக்கப் போகிறார். அவள் பதிலைத் தயார் செய்துகொண்டாள்.

"உங்க வீட்டுல காலையில யாரு பாடுறது?"

அவளுக்குப் புரியவில்லை.

அவர் விளக்கினார். காலை ஐந்தே முக்கால். ஒரு நிமிடம் முன்பின் கிடையாது. குழாய்கள் இறங்கும் இடைவெளி வழியாகக் கேட்கும். சொல் ஒன்றும் இருக்காது, வெறும் மெட்டு. அந்த நேரம் பார்த்துத்தான் தானும் வாளியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போவார். பாட்டு முடியப்போகும் இடத்தில் மேலே பெரிய குழாயைத் திறந்துவிடுவார்கள். மிச்சம் தண்ணீர்ச் சத்தத்தில் போய்விடும்.

"அது எப்பிடி முடியுதுன்னு இத்தனை வருசமா தெரியல. இப்பக் கொஞ்ச நாளா சத்தமே இல்ல. பையன் வெளிநாடு போயிட்டான் போலன்னு நெனச்சேன்."

"எங்களுக்குப் பையன் இல்ல சார்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு மேல்கூரையைப் பார்த்தார்.

"அவரா?"

அவள் தலையசைத்தாள்.

ஐந்தே முக்காலுக்கு அவள் அடுக்களையில் இருப்பாள். மிக்ஸி ஓடும். குளிக்கும்போது கணவர் ஏதோ முனகுவார் என்று தெரியும். என்ன மெட்டு என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள்.

"மேல வர்றீங்களா சார்?"

ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தாமோதரன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

மாசிலாமணி பால்கனிப் பக்கம் நாற்காலியில் இருந்தார். வலக்கை மடியில் கிடந்தது. மூன்று மாதமாக ஒரு சொல்லும் வரவில்லை. வரும், மெதுவாக வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெதுவாக என்றால் எவ்வளவு என்று சொல்லவில்லை.

வந்தவரைப் பார்த்ததும் இடக்கை நாற்காலியின் பிடியை இறுக்கியது. முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று அவள் நினைத்தாள்.

திருப்பவில்லை.

"காப்பி கொண்டாறேன்" என்று அடுக்களைக்குப் போனாள். தப்பித்துப் போனாள் என்றே சொல்ல வேண்டும்.

பாலை அடுப்பில் வைத்தாள். கூடத்தில் ஒரு செருமல் கேட்டது. பிறகு தாமோதரனின் குரல், கரகரவென்று.

பேசவில்லை. முனகினார்.

சுருதி அங்கங்கே விலகியது. ஆனாலும் மனப்பாடமாக வைத்திருந்தார். மிக்ஸி ஓடாத வீட்டில் அவள் அந்த மெட்டை முழுசாகக் கேட்டாள். ஒவ்வொரு படியாக ஏறி, ஓரிடத்தில் வந்து நின்றது.

குழாய் திறக்கிற இடமாக இருக்க வேண்டும்.

பால் பொங்கி வந்தது. அவள் அடுப்பை அணைத்தாள்.

இன்னொரு குரல் எழுந்தது. ஒரு பக்கமாகக் கோணிய வாயிலிருந்து, ஈரமாக, நடுங்கி. சொல் இல்லை. ஆனால் நிற்காமல் போனது. இறங்கும் என்று அவள் நினைத்த இடத்தில் மேலே போயிற்று. அங்கே கொஞ்ச நேரம் தங்கியது. பிறகு தானாகக் கீழே வந்தது.

"ஓ" என்றார் தாமோதரன். "மேலயா போகுது? நான் இறங்கும்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அவள் இடுக்கியைப் பிடித்தபடியே நின்றாள். டம்ளரை எடுத்தால் சத்தம் வரும்.

அந்த மெட்டு இன்னொரு தடவை வந்தாலும் வரும்.