தொண்ணூற்றாறு மணி நேரம்

"இதுங்களுக்குத் தீனி மட்டும் போட்டுறாதீங்கக்கா. நாலு நாளைக்கு ஒரு பருக்கைகூடக் கூடாது."

துடைப்பத்தோடு நின்ற செல்லாயி பதறினார். "செத்துப் போயிடுமே தங்கச்சி!"

"சாகட்டும். சாகுதான்னு பாக்கத்தானே வெச்சிருக்கோம்" என்றாள் தினேஸ்வரி.

ஈப்போவில் இருந்த அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்தில் ஐந்து கண்ணாடித் தொட்டிகள், தொட்டிக்குப் பத்துத் திலாப்பியாக் குஞ்சுகள். முதல் தொட்டியில் வெறும் தண்ணீர். மற்ற நான்கிலும் ஒரு கையுறைத் தொழிற்சாலை கழிவோடு ஆற்றில் விடப்போகும் புது இரசாயனம், ஒன்றைவிட ஒன்றில் கூடுதலாக. தொண்ணூற்றாறு மணி நேரத்தில் எத்தனை சாகிறது என்று எண்ணி எழுத வேண்டும். எத்தனையோ முறை செய்த வேலைதான், ஆனால் இந்தத் தடவை அளவுகளை மூன்று முறை சரிபார்த்தாள்.

காரணம் அண்ணன் சுரேன். கோலா கங்சார் பக்கம் பழைய தோட்டத்தை ஒட்டி ஓடும் அதே ஆற்றில்தான், தொழிற்சாலைக்குக் கீழே, கூண்டு போட்டுப் பாத்தின் மீன் வளர்க்கிறான். அதை விட்டால் அவன் குடும்பத்துக்கு வேறு பிழைப்பில்லை.

"புரட்டாசி மாசத்துல போய் உசுரக் கொல்றீங்களே, கெசியான்லா, பாவம்லா" என்று புலம்பிக்கொண்டே செல்லாயி கூட்டினார். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்தே புரட்டாசி பிறந்தால் முட்டையைக்கூடத் தொடாத மனுஷி. அவர் பேச்சை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

சோதனை தொடங்கிய வியாழக்கிழமை சாயங்காலமே கடைசித் தொட்டி மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. நேரம் பார்த்து அண்ணன் வேறு போன் போட்டான்.

"தினேஸ், குஞ்சு இறக்கவா, வேணாமா? குஞ்சு விக்கிற மொதலாளி, அந்தத் தவுக்கே, கேட்டுக்கிட்டே இருக்கான்லா."

"திங்கக்கிழம வரைக்கும் பொறுண்ணே. எனக்கே பயமா இருக்கு."

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு வந்து பார்த்தால், ஐம்பதும் துள்ளிக்கொண்டிருந்தன! சனி, ஞாயிறும் அப்படியே. எப்போதும்போல செல்லாயி அவளுக்கு முன்னாலேயே வந்து கூட்டித் துடைத்துவிட்டுப் போயிருந்தார். திங்கள் காலையிலும் கணக்கு ஐம்பதுதான்.

"ஒன்னுகூடவா சாகல?" ஆய்வுக்கூடத் தலைவர் யுகேந்திரன் நம்பாமல் தானும் ஒருமுறை எண்ணினார்.

"மொத நாளு திணறுச்சு சார். அப்புறம் பழகிக்கிச்சு போல."

"அப்ப என்ன, எழுதிக் குடுத்துடலாம்."

"இன்னொன்னு சார். மீனுக்குன்னு பின்னால பீப்பாய்ல புடிச்சு வெச்ச தண்ணி அடிமட்டத்துக்கு எறங்கிடுச்சு. எங்கயோ ஒழுகுது."

"ஆளக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்றேன்." பேசிக்கொண்டே 'நீர்வாழ் உயிரினங்களுக்குக் கேடில்லை' என்ற அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

தினேஸ்வரி வெளியே ஓடினாள். "பயமில்லண்ணே, தாராளமா இறக்கு!" என்றதும் மறுமுனையில் அண்ணன் அழுதேவிட்டான். தொழிற்சாலையை எதிர்த்து மனு எழுதிய தோட்டத்துச் சனங்களும் அறிக்கையைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். படித்த பிள்ளை, நம்ம சுரேன் தங்கச்சி, அவளே சொல்லிவிட்டாளே!

புரட்டாசி முடிந்த மறுநாள் தினேஸ்வரி வீட்டிலிருந்து மீன் குழம்பு கொண்டுவந்து செல்லாயிக்குப் பரிமாறினாள். அவளுக்கு அன்று கொள்ளைச் சந்தோஷம். குஞ்சுகள் நன்றாகத் தீனி எடுக்கின்றன, தொழிற்சாலைக்காரன் இன்று காலைதான் கழிவுக் குழாயைத் திறந்துவிட்டான் என்று அண்ணன் செய்தி அனுப்பியிருந்தான்.

"பாவம் பாவம்னு என்னைத் திட்டுனீங்களே, ஒன்னாச்சும் செத்துச்சா? அந்த மருந்து ரொம்ப சாதுக்கா."

செல்லாயி முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பெருமையாகச் சிரித்தார்.

"எப்படிச் சாகும்லா? தீனிதானே போடக்கூடாதுன்னீங்க, போடல. தெனமும் விடிகாலையில வந்து தண்ணிய மட்டும் மாத்திவிட்டேன்!"